மூத்தவர்களின் சம்பளப் பட்டியல்: பழைய விமான நிறுவனங்களின் தொழிலாளர் செலவு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2021 அக்டோபரில் ஏர் இந்தியாவை டாட்டா குழுமத்துக்கு விற்கும் முடிவை அறிவித்தபோது மத்திய அரசு சில எண்களை வெளியிட்டது. நிறுவனத்தில் 12,085 பேர் வேலை பார்க்கிறார்கள்; அவர்களில் 8,084 பேர் நிரந்தர ஊழியர்கள், 4,001 பேர் ஒப்பந்த ஊழியர்கள்; நிரந்தர ஊழியர்களில் ஏறத்தாழ 5,000 பேர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெற்றுவிடுவார்கள். விற்பனை மதிப்பான 18,000 கோடி ரூபாயைப் பற்றியும், சுமந்திருந்த 61,562 கோடி ரூபாய்க் கடனைப் பற்றியும் அப்போது எல்லோரும் பேசினார்கள். என் மனத்தில் தங்கியது அந்த 5,000 என்ற எண்தான். நிரந்தர ஊழியர்களில் பத்துக்கு ஆறு பேர் பணி ஓய்வின் வாசலில் நிற்கும் ஒரு நிறுவனம், இருபது வயதுகளில் உள்ள இளைஞர்களை ஆண்டுதோறும் பெரிய எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு வளரும் நிறுவனங்களோடு அதே வழித்தடங்களில், அதே பயணிக்காக, அதே கட்டணத்தில் போட்டியிட்டு வந்திருக்கிறது.

பழைய விமான நிறுவனங்கள் ஏன் புதியவற்றிடம் தோற்கின்றன என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், அங்கே சம்பளம் அதிகம், சங்கம் வலுவாக இருக்கிறது, வேலை குறைவு என்பதாகும். தொழிலாளர் பொருளியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இதில் ஒரு பகுதி உண்மை உண்டு. ஆனால் பெரும்பகுதி, காரணத்தையும் விளைவையும் குழப்பிக்கொள்வதால் வருவது. சம்பள விகிதத்தைக் காட்டிலும் பணியாளர்களின் வயது அமைப்பும், நிறுவனம் வளர்கிறதா சுருங்குகிறதா என்பதும், முன்னொரு காலத்தில் கொடுத்த வாக்குறுதிகளுக்கு எந்தக் காலத்தின் பணம் செலவாகிறது என்பதுமே இந்தச் சிக்கலின் வேர் என்று இந்த ஆய்வில் காட்ட முயல்கிறேன்.

கடலூர் பேருந்தில் ஒரு தொடக்கம்

விமானத்துக்குப் போகும் முன் நம் சாலையிலேயே இருக்கும் ஒரு காட்சியைச் சொல்லலாம். புதுச்சேரியிலிருந்து முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி வழியாகக் கடலூர் செல்லும் தடத்தில் அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. டீசல் விலை இருவருக்கும் ஒன்று. பள்ளமும் மேடும் ஒன்று. வேறுபடுவது ஓட்டுநர், நடத்துநர் செலவுதான். தனியார் பேருந்தின் ஓட்டுநருக்கு அன்றைய கூலியும் வசூலுக்கு ஏற்ற பேட்டாவும் கிடைக்கும். வண்டி ஓடாத நாளில் அவருக்கு வருமானம் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, ஆண்டு ஊதிய உயர்வு, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவை உண்டு. தமிழகத்தில் 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவராக இருந்தால் ஓய்வூதியமும் உண்டு. அந்த ஓய்வூதியம் இன்றைய டிக்கெட் வசூலிலிருந்தும் அரசு தரும் நிதியிலிருந்தும் வர வேண்டியிருக்கிறது. வசூல் போதாதபோது பஞ்சப்படி உயர்வுக்காக முதியவர்கள் தெருவில் நின்று போராட நேர்கிறது. இலாபமில்லாத கிராமத் தடங்களில் பேருந்து ஓட்டும் கடமையும் அரசுக் கழகத்துக்கே உரியது.

இரண்டு ஓட்டுநர்களும் ஒரே அளவு உழைக்கிறார்கள். ஒருவரின் கடந்த காலமும் எதிர்காலமும் நிறுவனத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. மற்றவருக்கு இன்றைய நாள் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. விமானத் துறையில் நடப்பதும் இதுவே, தொகைகள் மட்டும் பல மடங்கு பெரியவை.

வாக்குறுதிகள் பிறந்த காலம்

அமெரிக்காவில் 1938 முதல் 1978 வரை, எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை ஓர் அரசு வாரியமே தீர்மானித்தது. சம்பளம் உயர்ந்தால் அதைக் காட்டிக் கட்டண உயர்வு கேட்கலாம். போட்டியாளரும் அதே உயர்வைப் பெறுவார். ஆகவே நிர்வாகத்துக்குச் சங்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு வேலைநிறுத்தத்தைச் சந்திப்பதைவிட, கேட்டதைக் கொடுத்துப் பயணியிடம் வசூலிப்பது எளிதாக இருந்தது. இந்தக் காலத்தில் உருவான ஒப்பந்தங்களில் சம்பளத்தோடு கூடவே வேலை விதிகளும் சேர்ந்தன: ஒரு பணிநாளுக்குக் குறைந்தது இத்தனை மணி நேரச் சம்பளம், இந்த வேலையை இந்தப் பிரிவினர் மட்டுமே செய்ய வேண்டும், பெரிய விமானத்தை ஓட்டுபவருக்குக் கூடுதல் விகிதம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணிமூப்பு. 1978 அக்டோபர் 24 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டை அகற்றும் பாதையைத் திறந்தது. கட்டணம் சந்தைக்குப் போயிற்று, ஒப்பந்தங்கள் அப்படியே நின்றன.

இந்தியாவில் இதே கதை தாமதமாக நடந்தது. 1953ஆம் ஆண்டின் விமானக் கழகங்கள் சட்டம் ஏர் இந்தியாவுக்கும் இந்தியன் ஏர்லைன்சுக்கும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தனியுரிமை அளித்தது. 1990களின் தொடக்கத்தில் தனியார் நிறுவனங்கள் வந்தன. 1994இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 2003இல் ஏர் டெக்கான், 2005இல் ஸ்பைஸ்ஜெட், 2006 ஆகஸ்டில் இண்டிகோ எனக் குறைந்த கட்டண நிறுவனங்கள் வரிசையாகப் பறக்கத் தொடங்கின. அரசு நிறுவனங்களிலோ தனியுரிமைக் காலத்தின் ஊக்கத்தொகை, மருத்துவ வசதி, ஓய்வு பெற்ற பின்னும் தொடரும் இலவசப் பயணச் சலுகை ஆகியவை நிலைத்திருந்தன. இவற்றை யாரும் திருடிப் பெறவில்லை. முறைப்படி பேசிக் கையெழுத்தான ஒப்பந்தங்கள்தாம். அவற்றுக்கான பணத்தை வாக்குக் கொடுத்த ஆண்டிலேயே ஒதுக்கி வைக்காமல், பின்னாளில் கிடைக்கும் கட்டணத்திலிருந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதே பிழை.

பணிமூப்பின் கணக்கு

விமானியின் தொழில் வாழ்க்கையில் பணிமூப்புப் பட்டியலில் அவருக்குள்ள இடமே எல்லாம். எந்த விமானம், எந்த வழித்தடம், எந்த நாள் விடுப்பு, எப்போது கேப்டன் பதவி என அனைத்தும் அதன்படியே அமையும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் இருபது ஆண்டு அனுபவமுள்ள விமானி வேறு நிறுவனத்துக்கு மாறினால், அங்கே பட்டியலின் கடைசியில் நின்று புதியவரின் சம்பளத்தில் தொடங்க வேண்டும். அதனால் யாரும் விலகுவதில்லை. நிறுவனத்துக்கு வயதாக ஆக, ஆட்களும் அதனோடு சேர்ந்து மூப்படைகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் 1,000 பேர்; 500 மூத்தவர்களுக்கு மாதம் தலா 2 லட்சம், 500 இளையவர்களுக்குத் தலா 1 லட்சம் என்றால் சராசரி 1.5 லட்சம். தொழில் வளர்ந்து இன்னும் 500 இளையவர்களைச் சேர்த்தால், யாருடைய சம்பளத்தையும் தொடாமலேயே சராசரி 1.33 லட்சமாக இறங்குகிறது. அதே நிறுவனம் நட்டத்தில் சிக்கி, கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதிப்படி 250 இளையவர்களை அனுப்பினால், சராசரி 1.67 லட்சமாக ஏறுகிறது. நான்கில் ஒரு பங்கு ஆட்களை இழந்தும் சம்பளச் செலவில் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. வளர்பவருக்குச் சராசரிச் செலவு தானாக இறங்குவதும், சுருங்குபவருக்கு ஏறுவதும் இந்தத் துறையின் கொடுமையான இயல்பு. இதற்கும் எவருடைய சோம்பலுக்கும் தொடர்பில்லை.

அடுத்தது மணிக்கணக்கு. மாதம் 6 லட்சம் பெறும் விமானி 50 மணி நேரம் பறந்தால், ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவு 12,000 ரூபாய். அதே சம்பளத்தில் 75 மணி நேரம் பறந்தால் 8,000 ரூபாய். இந்திய விதிகளின்படி ஒரு விமானி ஓராண்டில் பறக்கக்கூடிய உச்ச அளவு 1,000 மணி நேரம். அந்த வரம்புக்குள் எத்தனை மணி நேரம் பயன்படுகிறது என்பது விமானியின் கையில் இல்லை. அட்டவணை போடுபவரின் கையிலும், விமானம் தரையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதிலும் இருக்கிறது. பல வகை விமானங்களை வைத்திருக்கும் பழைய நிறுவனத்தில், ஒரு வகைக்குப் பயிற்சி பெற்றவர் மற்றொன்றை ஓட்ட முடியாது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக மாற்று விமானிகள் தயாராகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு.

சங்கம் இருந்தும் மலிவாகப் பறந்தவர்கள்

1971 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்துக்குள் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்ற மூன்று நகரங்களுக்கு இடையே பறக்கத் தொடங்கியது சவுத்வெஸ்ட். அடுத்த ஆண்டே பணமின்றித் தன் நான்கு போயிங் 737 விமானங்களில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. நான்கு விமானங்களின் அட்டவணையை மூன்றைக் கொண்டு ஓட்டுவதற்காக, தரையிறங்கிய விமானத்தைப் பத்து நிமிடத்தில் மீண்டும் கிளப்பும் வழக்கத்தை அங்கிருந்த பணியாளர்கள் உருவாக்கினார்கள். ஒரே வகை விமானம், உணவு கிடையாது, இருக்கை எண் கிடையாது, ஒருவருக்கொருவர் கை கொடுக்கும் பணிமுறை. இத்தனைக்கும் அமெரிக்க விமான நிறுவனங்களில் சங்க உறுப்பினர் விகிதம் மிக அதிகமாக உள்ளவற்றில் ஒன்று சவுத்வெஸ்ட். பிற்காலத்தில் அதன் விமானிகள் பழைய நிறுவனத்தாருக்குக் குறையாத சம்பளமும் பெற்றார்கள். ஒரு விமானத்துக்கு, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்பதில்தான் அது மற்றவர்களை முந்தியது. சங்கமே காரணம் என்று சொல்பவர்கள் இந்த ஒரு நிறுவனத்துக்காவது விளக்கம் தர வேண்டும்.

கையாண்ட மருந்துகள்

சுமையைக் குறைக்கப் பழைய நிறுவனங்கள் முயன்ற வழிகளைப் பார்த்தால், பெரும்பாலானவை கடந்த கால வாக்குறுதிகளை உடைப்பதாகவே முடிந்தன. 1983 செப்டம்பரில் கான்டினென்டல் விமான நிறுவனம், கடனை அடைக்க முடியாதவருக்கு நீதிமன்றம் தரும் திவால் பாதுகாப்புக்குள் நுழைந்து, சங்க ஒப்பந்தங்களைத் தூக்கி எறிந்து, குறைந்த சம்பளத்தில் மீண்டும் பறந்தது. இதன் அதிர்வில் அமெரிக்க நாடாளுமன்றம் மறு ஆண்டே திவால் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்குமுன் சங்கத்தோடு பேச்சு நடத்தியாக வேண்டும் என்று விதித்தது.

அதே 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வேறொரு வழியைக் கண்டது. இருப்பவர்களின் சம்பளத்தைத் தொடாமல், புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் மிகத் தாழ்ந்த இரண்டாம் சம்பள அட்டவணை. மேலே சொன்ன கணக்குப்படி வளரும் நிறுவனத்துக்கு இது பெரிய ஆதாயம். ஆனால் அருகருகே அமர்ந்து ஒரே வேலை செய்பவர்கள் இரு வேறு சம்பளம் வாங்குவது எவ்வளவு நாள் தாங்கும்? நெய்வேலிச் சுரங்கங்களின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு நடத்திய வேலைநிறுத்தங்களைப் பார்த்த கடலூர் மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளையவர்கள் சங்கத்தில் பெரும்பான்மையானதும் இரண்டு அட்டவணைகளையும் இணைக்கச் சொன்னார்கள். 1990களின் தொடக்கத்துக்குள் அந்த முறை பெரும்பாலும் மறைந்துவிட்டது.

2001க்குப் பிந்தைய திவால் அலை இன்னும் கடுமையானது. யுனைடெட் 2002 டிசம்பரிலும், டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2005 செப்டம்பர் 14 என்ற ஒரே நாளிலும், அமெரிக்கன் 2011 நவம்பரிலும் திவால் பாதுகாப்பை நாடின. யுனைடெட் 2005இல் தன் ஓய்வூதியத் திட்டங்களை அரசுக் காப்பீட்டு அமைப்பின் தலையில் இறக்கி வைத்தது. சுமார் 1.2 லட்சம் பேரை உள்ளடக்கிய அந்தத் திட்டங்களுக்காக அந்த அமைப்பு ஏற்ற பொறுப்பு ஏறத்தாழ 660 கோடி டாலர். காப்பீட்டுக்கு உச்ச வரம்பு உண்டு என்பதால், பல ஓய்வு பெற்ற விமானிகளின் கையில் வந்தது எதிர்பார்த்ததில் ஒரு பகுதிதான். முப்பது ஆண்டு உழைப்பின் ஊதியத்தில் ஒரு பங்கை முதுமைக்கென்று நிறுவனத்திடம் விட்டு வைத்தவர்களிடமிருந்து அதைப் பறித்த பின்னரே அந்த நிறுவனத்தின் செலவு போட்டிக்கு ஏற்ற அளவுக்கு இறங்கியது. இதை நிர்வாகத் திறமை என்று பாராட்ட என்னால் இயலவில்லை.

நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மலிவு நிறுவனம் தொடங்கும் முயற்சியும் பலமுறை நடந்தது. கான்டினென்டல் லைட், டெல்டாவின் சாங், யுனைடெட்டின் டெட் ஆகிய மூன்றும் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. விமானத்துக்கு வேறு வண்ணம் பூசலாம். விமானியின் பணிமூப்புப் பட்டியல் அதே பட்டியல்தான்.

ஏர் இந்தியாவின் இணைப்பு

2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் இணைக்கப்பட்டபோது, இரண்டு பணிமூப்புப் பட்டியல்கள், இரண்டு சம்பள முறைகள், இரண்டு விமானிகள் சங்கங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தன. இணைப்பின் பயன் ஆட்களையும் விமானங்களையும் பொதுவாகப் பயன்படுத்துவதில் இருந்தது. அதற்கு முதலில் பட்டியல்களை ஒன்றாக்க வேண்டும். அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 2011இல் முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சமச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012இல் மறு தரப்பினர், புதிய போயிங் 787 விமானத்துக்கான பயிற்சியில் அவர்களுக்கும் பங்கு தருவதை எதிர்த்து 58 நாட்கள் வேலையை நிறுத்தினார்கள். இரு தரப்பு ஊழியர்களின் சம்பளத்தையும் பணிமூப்பையும் ஒன்றாக்க வழி சொல்வதற்கான நீதிபதி தர்மாதிகாரி குழு அமைந்து அறிக்கை தந்ததும் இந்த இடைவெளியில்தான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகச் சம்பளம் வாங்குபவர்களின் பிடிவாதமாகத் தெரிந்தது. பட்டியலில் ஓர் இடம் கீழே இறங்கினால் கேப்டன் பதவி பல ஆண்டுகள் தள்ளிப்போகும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த அச்சம் புரியும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. இந்திய விமானத் துறையில் மிகப் பெரிய செலவு எரிபொருள். தொழிலாளர் செலவின் பங்கு அமெரிக்காவைவிடக் குறைவு. 2006ஐ ஒட்டி இரு அரசு நிறுவனங்களும் சேர்ந்து 111 விமானங்கள் வாங்க முடிவெடுத்ததும், அதன் வட்டிச் சுமையும் ஏர் இந்தியாவை அழுத்தியதை ஊழியர்மேல் ஏற்றிச் சொல்வது நியாயமாகாது. விற்பனைக்கு முன்பே தரைப்பணியும் பராமரிப்பும் தனித் துணை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு அரசிடமே தங்கின. ஓய்வு பெற்றவர்களின் மருத்துவப் பொறுப்பையும் அரசே ஏற்றது. டாட்டா குழுமத்துக்குக் கிடைத்தது பழைய வாக்குறுதிகளில் பெரும்பகுதி கழிக்கப்பட்ட நிறுவனம். அரசின் தோள் இல்லாத கிங்ஃபிஷர் 2012இலும் ஜெட் ஏர்வேஸ் 2019இலும் நின்றபோது, மாதக் கணக்கில் சம்பளம் வராத ஊழியர்களே அந்தக் கழித்தலைத் தாங்கினார்கள்.

லாஸ்பேட்டை ஓடுபாதையில்

புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. 2013 ஜனவரியில் புதிய முனையம் திறந்தபோது ஸ்பைஸ்ஜெட் வந்தது, ஓராண்டு அளவில் நிறுத்தியது. 2015இல் ஏர் இந்தியாவின் துணை நிறுவனமான அலையன்ஸ் ஏர் சில மாதங்கள் பறந்தது. 2017இல், சிறு நகரங்களுக்கான விமான சேவையை ஊக்குவிக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் மீண்டும் ஸ்பைஸ்ஜெட் வந்து 2024 மார்ச்சில் நின்றது. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோவின் சிறிய ஏடிஆர் வகை விமானம் பெங்களூருக்கும் ஹைதராபாதுக்கும் பறக்கிறது.

உறவினர் ஒருவரை வழியனுப்பச் சென்ற நாளில், விமானம் தரையிறங்கியதிலிருந்து கிளம்பும் வரை நடந்த வேலையை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 78 இருக்கைகளுக்கு விமானப் பணியாளர்கள் இருவர். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற விதியின்படி எந்த நிறுவனம் ஓட்டினாலும் இதற்குக் குறைக்க முடியாது. ஆக, விமானத்துக்குள் இருக்கும் ஆள் எண்ணிக்கையில் பழைய நிறுவனமும் புதிய நிறுவனமும் பெரிதாக வேறுபட வழியில்லை. வேறுபாடு தரையில் இருக்கிறது. பெட்டி இறக்கியவரும், பயணிகளை வரிசைப்படுத்தியவரும், அட்டையைச் சரிபார்த்தவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களாகத் தெரிந்தார்கள். அவர்கள் யாருக்கும் இன்னும் பணிமூப்பு என்று சொல்ல எதுவும் சேர்ந்திருக்காது.

இளமை தீரும் காலம்

புதிய நிறுவனத்தின் இந்த ஆதாயத்துக்கு ஆயுள் உண்டு. சவுத்வெஸ்ட் விமானிகள் 2024 ஜனவரியில் ஏற்ற ஒப்பந்தம் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்வு தருவது. 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனம் தன் ஐம்பதாண்டு வரலாற்றில் முதன்முறையாகப் பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்து, சுமார் 1,750 அலுவலகப் பணியிடங்களை நீக்கியது. ஐம்பது ஆண்டுகளில் சவுத்வெஸ்டும் பழைய நிறுவனமாகிவிட்டது.

இங்கேயும் அறிகுறிகள் தெரிகின்றன. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் கூட்டமாக உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தார்கள். 25 பேர் நீக்கப்பட்டு, தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் நடந்த சமரசத்துக்குப் பின் திரும்ப எடுக்கப்பட்டார்கள். 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி இரவுப் பறத்தலையும் கட்டுப்படுத்திய புதிய விதிகளுக்கு ஏற்றபடி அட்டவணையை அமைக்க முடியாமல், உள்நாட்டுப் பயணிகளில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் சுமக்கும் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்யும் நிலைக்கு வந்தது. குறைந்த ஆட்களைக் கொண்டு நிறைந்த மணி நேரம் பறப்பது என்ற முறையில், ஓய்வுக்கான இடம் எவ்வளவு மெல்லியதாக இருந்தது என்பதை அந்த வாரம் காட்டியது. களைப்படைந்த விமானியின் ஓய்வைச் செலவாகக் கருதும் எந்தக் கணக்கையும் நான் ஏற்கமாட்டேன்.

பழைய நிறுவனங்களுக்கு இந்த ஆய்விலிருந்து எனக்குத் தோன்றும் வழி, சம்பள விகிதத்தை வெட்டுவதற்கு முன் வேலை விதிகளையும் அட்டவணையையும் சங்கத்தோடு உட்கார்ந்து மாற்றி எழுதுவதும், கொடுக்கும் ஓய்வூதிய வாக்குறுதிக்கான தொகையை அந்தந்த ஆண்டே நிறுவனம் தொட முடியாத தனி நிதியில் செலுத்துவதும் ஆகும். புதிய நிறுவனங்களுக்கு இந்தக் கேள்வி வந்து சேர அதிக நாளில்லை. 2006இல் இருபத்திரண்டு வயதில் இண்டிகோவின் முதல் அணியில் சேர்ந்த ஒருவருக்கு 2026 ஆகஸ்டில் நாற்பத்திரண்டு வயதாகிறது. பணியில் இருபது ஆண்டுகள் நிறைகின்றன.